ஹெபடைடிஸ் பி, கூடவே ஸ்டென்ட்: இந்த ரிப்போர்ட்டில் எது ஈரலுடைய எண், எது இதயத்துடையது?

காரிமங்கலம் லேப் (கேள்வி)

வணக்கம். ஒரு ரிப்போர்ட் பத்தி விவரம் தெரிஞ்சவங்க கருத்து வேணும். ஆள் அடையாளம் எதுவும் போடலை, எண்கள் மட்டும்.

ஆண், வயசு 56. அஞ்சு வாரத்துக்கு முன்னாடி மாரடைப்பு, ஒரு ஸ்டென்ட் வெச்சிருக்கு. ஆஞ்சியோவுக்கு முன்னாடி பண்ணின கார்டு டெஸ்ட்ல எச்பிஎஸ்ஏஜி (ஹெபடைடிஸ் பி வைரஸோட மேலுறை ஆன்டிஜன்) பாசிட்டிவ், எலைசாவிலயும் பாசிட்டிவ். இரண்டு வருஷம் முன்னாடி ரத்த தானம் கொடுத்தப்பவே பாசிட்டிவ்னு சொல்லியிருக்காங்க, அப்போ மேல எதுவும் பாக்கலை. இப்ப சாப்பிடறது ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75, அட்டோர்வாஸ்டாட்டின் 40, மெட்டோப்ரோலால், ராமிப்ரில், ஃப்ரூசமைடு 40. குடி இல்லைன்னு சொல்றாங்க.

ஈரல் டெஸ்ட் என்சைம்கள்: எஸ்ஜிஓடி 68, எஸ்ஜிபிடி 52, ஆல்கலைன் பாஸ்படேஸ் 148, ஜிஜிடி 96. பிலிருபின் 1.6, அதுல டைரக்ட் 0.5. ஆல்புமின் 3.6, குளோபுலின் 3.9. பிளேட்லெட் 1.18 லட்சம். ஐஎன்ஆர் (ரத்தம் உறையற வேகத்தைச் சொல்ற எண்) 1.2. கிரியாட்டினின் (கிட்னி எண்) 1.3. எச்எஸ் சிஆர்பி (அழற்சி எண்) 4.8. என்டி ப்ரோ பிஎன்பி (இதயச் சுமையைக் காட்டற எண்) 1450. எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 58. எக்கோவில இஎஃப் (இதயம் பம்ப் பண்ற அளவு) 38 சதவீதம். இ ஆன்டிஜன் (வைரஸ் பெருகறப்ப வர்ற புரதம்) நெகட்டிவ், ஆன்டி எச்பிஇ (அதுக்கு எதிரான ஆன்டிபாடி) பாசிட்டிவ், வைரஸ் டிஎன்ஏ 3,400 ஐயூ. ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் விறைப்பை அளக்கற ஸ்கேன்) 11.8 கிலோபாஸ்கல்.

இந்த எண்களை வெச்சு ஈரல் தழும்பைக் கணிக்கற ரெண்டு சூத்திரத்துல, ஏப்ரி போட்டுப் பார்த்தா 1.44, ஃபிப்-4 போட்டா 4.47 வருது. ரெண்டுமே சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப்போறது) பக்கம். நெஜமாவே சிரோசிஸ்தானா? ஈரல் எண் ஏறியிருக்கறதால கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமான்னு வீட்ல கேக்கறாங்க. அதோட "இம்யூன் ப்ரொஃபைல்"னு ஒரு பேக்கேஜ் எழுதிக் கொடுத்திருக்காங்க: சிடி4, சிடி8 (எதிர்ப்பு செல்கள்), இன்டர்லூகின்-6 (அழற்சிப் புரதம்), சி3, சி4 (காம்ப்ளிமென்ட் புரதங்கள்), ஏஎன்ஏ, ஆர்ஏ ஃபேக்டர் (தன் உடம்புக்கே எதிரான ஆன்டிபாடிகள்). இதுல எது உருப்படியா பதில் சொல்லும், எது காசுக்குக் கேடு?

ஈரல் மருத்துவர், கிருஷ்ணகிரி

நல்ல கேள்வி. நீங்கள் எழுதியதில் எச்பிஎஸ்ஏஜி, இ ஆன்டிஜன், டிஎன்ஏ ஆகியவைதாம் வைரஸைப் பற்றி நேராகப் பேசுபவை. மீதியில் பெரும்பாலானவை ஈரலும் இதயமும் சேர்ந்து நீர் இறைக்கும் பொதுக்கிணறு. வாளியில் வந்த தண்ணீர் யார் இறைத்தது என்று பார்க்காமல் ஏப்ரி கணக்குப் போட்டால் இப்படித்தான் பயம் காட்டும்.

முதலில் வைரஸ். ஆறு மாதத்துக்கு மேல் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவாக இருந்தால் நாட்பட்ட தொற்று. இரண்டு வருடப் பழைய முடிவு இருப்பதால் அதில் சந்தேகமில்லை. இ ஆன்டிஜன் நெகட்டிவ் என்றதும் "வைரஸ் தூங்குகிறது" என்று நிறையப் பேர் எழுதிவிடுகிறார்கள். நம் நாட்டில் அதிகம் காணப்படும் டி வகை வைரஸில் பிரீகோர் என்ற மரபணுப் பகுதியில் மாற்றம் ஏற்பட்டு, இ ஆன்டிஜனைத் தயாரிக்காமலே வைரஸ் பெருகும். ஆகவே இ நெகட்டிவ் என்பது நிம்மதிச் சான்றிதழ் இல்லை, டிஎன்ஏதான் பேச வேண்டும். 3,400 ஐயூ என்பது பழைய அலகில் சுமார் 19,000 காப்பி. ஒரு ஐயூ ஏறத்தாழ 5.6 காப்பி. பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போது அலகைப் பார்க்காமல் "ஆறு மடங்கு குறைந்துவிட்டது" என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

2024 மார்ச்சில் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலின்படி டிஎன்ஏ 2,000-க்கு மேல், எஸ்ஜிபிடி மேல்வரம்புக்கு மேல் என்றால் மருந்து தொடங்கலாம். அங்கே மேல்வரம்பு ஆணுக்கு 30, பெண்ணுக்கு 19. நம் லேப் அச்சடிக்கும் 40 அல்ல. இவருக்கு 52. ஏப்ரி 0.5-ஐத் தாண்டினாலோ ஃபைப்ரோஸ்கேன் 7-ஐத் தாண்டினாலோ அதுவும் தனியே போதுமான காரணம். அதனால் சிரோசிஸ் உண்டா இல்லையா என்பது மருந்து தொடங்குவதைத் தீர்மானிக்கப் போவதில்லை. எண்டோஸ்கோபி தேவையா, இரட்டை ரத்த மெலிவு மாத்திரையை எவ்வளவு பயத்தோடு பார்ப்பது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் ஏஎஃப்பியும் (ஈரல் புற்றுக்கான ரத்த டெஸ்ட்) எவ்வளவு கறாராகச் செய்வது: இவற்றைத்தான் தீர்மானிக்கும்.

அந்த சிரோசிஸ் கேள்விக்கு, கணக்கில் நுழைந்த எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

எஸ்ஜிஓடி ஈரலில் மட்டும் இருப்பதல்ல. இதயத் தசை, கை கால் தசை, சிவப்பணு எல்லாவற்றிலும் உண்டு. மாரடைப்பில் ஏறுவது சில நாட்களில் இறங்கிவிடும். ஐந்து வாரம் ஆகிவிட்டதால் அந்தக் காரணம் இங்கே போகட்டும். ஆனால் ஸ்டாட்டின் சாப்பிடுபவர், தசையிலிருந்து வந்திருக்கலாம். ஒரு சிபிகே (தசை என்சைம்) பார்த்தால் தெரிந்துவிடும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்திருந்தாலும் எஸ்ஜிஓடி ஏறும், கூடவே பொட்டாசியமும் எல்டிஎச்சும் ஏறும். சீரம் இளஞ்சிவப்பாக இருந்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பிலிருபின் 1.6-இல் பெரும்பகுதி இன்டைரக்ட், ஜிஜிடி உயர்ந்திருக்கிறது, ஆல்கலைன் பாஸ்படேஸ் கொஞ்சம் தூக்கல், எஸ்ஜிபிடி லேசாக மட்டும். இது வலது பக்க இதய அழுத்தத்தால் ஈரலில் ரத்தம் தேங்கும்போது வரும் வழக்கமான அச்சு. இஎஃப் 38, என்டி ப்ரோ பிஎன்பி 1450 இருக்கும்போது அதை முதலில் நினைக்க வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆல்கலைன் பாஸ்படேஸ் எலும்பிலிருந்தும் வரும். நம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று ஃப்ளோரைடு தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பு ஃப்ளோரோசிஸ் இருந்தால் இது ஏறும். ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டாலும் பழைய எலும்பு பழைய எலும்புதான். இவருக்கு ஜிஜிடியும் சேர்ந்து ஏறியிருப்பதால் ஈரல் பக்கம் சாயலாம். ஜிஜிடி சரியாக இருந்து ஆல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் ஏறியிருந்தால் குனிய முடிகிறதா, முதுகு விறைப்பு உண்டா, பல் எப்படி என்று கேளுங்கள். டெனோஃபோவிர் என்ற வைரஸ் மருந்தைத் தேர்வு செய்யும்போதும் இந்த எலும்புக் கேள்வி திரும்ப வரும்.

ஃபைப்ரோஸ்கேன் 11.8 என்பதையும் நான் அப்படியே நம்ப மாட்டேன். அது தழும்பை அளப்பதில்லை, விறைப்பை அளக்கிறது. தேங்கிய ரத்தமும் ஈரலை விறைப்பாக்கும். சாப்பிட்ட கையோடு எடுத்தாலும் ஏறும். குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். நீர் வடிந்து, எடை நிலையாகி, கழுத்துச் சிரையின் புடைப்பு இறங்கிய பிறகு திரும்ப எடுத்தால்தான் அது ஈரலின் எண்.

இதயத்தின் தலையில் கட்ட முடியாத ஒரு எண் குளோபுலின் 3.9. ஆல்புமினைவிடக் கூடிவிட்டது. வெறும் ரத்தத் தேக்கம் குளோபுலினை இப்படி ஏற்றாது. நீண்ட நாள் நோய் எதிர்ப்புத் தூண்டல் இருக்கிறது என்பதற்கு நம் கையில் இருக்கும் மலிவான அடையாளம் இதுதான். ஆக, ஈரலில் பழைய நோய் உண்டு என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு முற்றியது என்பதுதான் கேள்வி. பிளேட்லெட் 1.18 லட்சம் என்பதை ஸ்லைடில் பார்த்தீர்களா? கருவி சொன்னதா?

ஊத்தங்கரை மருந்தாளர்

டாக்டர் மருந்துப் பக்கம் போகவில்லை, அதைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

அட்டோர்வாஸ்டாட்டினை நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்து ஐந்து வாரம் ஆனவருக்கு அது கொழுப்பு மாத்திரை மட்டும் இல்லை, குழாய்ச் சுவரைக் கட்டிக்காக்கிற மாத்திரை. ஈரல் நோய் சமாளிக்கும் நிலையில் இருக்கிற ஹெபடைடிஸ் பி-க்கு ஸ்டாட்டின் தடை இல்லை. எஸ்ஜிபிடி மேல்வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டி, திரும்ப எடுத்தும் அப்படியே நின்றால்தான் யோசனை. 52 அந்தப் பக்கமே போகவில்லை. வயிற்றில் நீர், மஞ்சள் காமாலை, மயக்கம் என்று ஈரல் கைவிட்ட நிலை வந்தால் அது வேறு கணக்கு.

எல்டிஎல் 58 பார்த்து "நல்லாக் குறைஞ்சிருக்கு, பாதி மாத்திரை போதும்" என்று சொல்வதும் தப்பு. எல்டிஎல் சரக்கைச் செய்வதே ஈரல். ஈரல் சோர்ந்தால் கொழுப்பு தானாகவே குறைவாகத் தெரியும், நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-யிலும் கொஞ்சம் குறைவாக வருவதுண்டு. அதனால் குறைந்த எல்டிஎல் இதயத்துக்கு முழுப் பாதுகாப்பு என்று எழுதிக் கொடுக்க முடியாது.

வைரஸ் மருந்தில் மூன்று உண்டு. டெனோஃபோவிர் டிஎஃப் 300 மி.கி., டெனோஃபோவிர் ஏஎஃப் 25 மி.கி., என்டெகாவிர் 0.5 மி.கி. கிரியாட்டினின் 1.3, வயது 56 என்றால் ஈஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் வேகம்) 64 வாக்கில் வரும். ராமிப்ரில், ஃப்ரூசமைடு, போதாததற்கு ஆஞ்சியோவில் ஏற்றிய சாயம், எல்லாம் ஒரே கிட்னி மேல். அதனால் 300 மி.கி. டிஎஃப் கொடுத்தால் கிரியாட்டினின், பாஸ்பேட், சிறுநீர் புரதம் மூன்றையும் கண்காணிக்க வேண்டும், கிட்னி வேகம் 50-க்குக் கீழ் போனால் டோஸ் இடைவெளியை மாற்ற வேண்டும். ஃப்ளோரோசிஸ் எலும்பு வேறு இருந்தால் ஏஎஃப் அல்லது என்டெகாவிர் பக்கம் போவது நல்லது. ஆனால் ஏஎஃப் சாப்பிடும்போது பின்னால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து அமியோடரோன் எழுதினால் ஏஎஃப் அளவு ரத்தத்தில் ஏறும், அமியோடரோன் தானும் ஈரலைத் தொடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் ஏஎஃப் அளவு இறங்கிப்போகும். என்டெகாவிரை சாப்பாட்டோடு போட்டால் உறிஞ்சுதல் குறையும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பு. இதைச் சீட்டில் எழுதாமல் வாயில் சொன்னால் யாரும் பின்பற்றுவதில்லை.

தொடங்கும் முன் எச்ஐவி பார்க்காமல் தொடங்கக் கூடாது. எச்ஐவி-யும் இருந்து டெனோஃபோவிர் ஒன்றை மட்டும் கொடுத்தால் எச்ஐவி அதற்குப் பழகிவிடும். தொடங்கிய பிறகு "எஸ்ஜிபிடி நார்மல் ஆகிடுச்சு" என்று தானாக நிறுத்தினால் வைரஸ் திரும்பப் பாயும். இஎஃப் 38 இருப்பவருக்கு அந்தப் பாய்ச்சல் இரட்டை ஆபத்து. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018-இலிருந்து நடக்கிறது. டிஎன்ஏ டெஸ்டும் மருந்தும் அதில் இலவசம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, குடி இல்லை என்கிறார்கள், சரி. கீழாநெல்லி, சீந்தில் என்று ஏதாவது உள்ளே போகிறதா என்று கேட்டீர்களா? நம் ஊரில் இதைக் கேட்காமல் ஈரல் ரிப்போர்ட் படிப்பது அரைகுறை வேலை.

காரிமங்கலம் லேப்

டாக்டர் கேட்டதுக்குப் பதில். பிளேட்லெட் கருவி சொன்னதுதான். இப்ப ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். படலத்தோட நுனி ஓரத்துல கொத்துக் கொத்தா ஒட்டிக் கிடக்கு. கருவி அதையெல்லாம் எண்ணாம விட்டிருக்கு, கொஞ்சத்தை வெள்ளையணு பக்கம் தள்ளியிருக்கும் போல. நீல மூடி சிட்ரேட் குழாயில திரும்ப எடுத்து ஓட்டினேன்: 1.62 லட்சம். குழாய்ல இருக்கற சிட்ரேட் ரத்தத்தை நீர்க்க வெக்கறதால 1.1-ஆல் பெருக்கினா 1.78 லட்சம்.

ஏப்ரி 1.44-லிருந்து 0.96 ஆயிடுச்சு. ஃபிப்-4 4.47-லிருந்து 2.97. எஸ்ஜிஓடி அதே 68-ஐ வெச்சுத்தான் போட்டேன். சீரம் தெளிவாத்தான் இருந்துச்சு, உடையலை. சீந்தில் பொடி ஆறு மாசமா சாப்பிடறாராம், கொரோனா சமயத்துல ஆரம்பிச்ச பழக்கமாம், நடுவுல விட்டு இப்ப மறுபடியும். மருந்தாளர் கேட்டது நல்லதாப் போச்சு.

ஈரல் மருத்துவர், கிருஷ்ணகிரி

பர்ப்பிள் குழாயில் இருக்கும் ஈடிடிஏ சிலருக்கு பிளேட்லெட்டை ஒட்ட வைக்கும்; நோய் அல்ல, குழாய்க்குள் மட்டும் நடக்கும் கூத்து. ஆனால் இவருக்கு அதனால் என்ன நடந்திருக்கும் பாருங்கள். ஃபைப்ரோஸ்கேன் 20-க்குக் கீழ், பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு மேல் என்றால் உணவுக்குழாய் ரத்தநாள வீக்கத்துக்கு எண்டோஸ்கோபி இப்போதைக்கு வேண்டாம் என்று விடலாம். 1.18 லட்சம் என்று நம்பியிருந்தால் எண்டோஸ்கோபி. அதற்காக யாராவது குளோபிடோக்ரலை நிறுத்தியிருந்தால், ஐந்து வார ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் அபாயம். ஒரு ஸ்லைடு அதைத் தடுத்தது.

ஏப்ரி 0.96 என்பது சிரோசிஸ் கோடான 1-ஐ ஒட்டி நிற்கிறது, 0.5 கோட்டை நன்றாகத் தாண்டிவிட்டது. "கணிசமான தழும்பு உண்டு, சிரோசிஸ் இன்னும் நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதுவேன். சிரோசிஸ் பின்னால் உறுதியானால் மெட்டோப்ரோலாலுக்குப் பதில் கார்வெடிலால் பற்றி கார்டியாலஜிஸ்ட்டிடம் பேசலாம். அது குறைந்த இஎஃப்புக்கும் உதவும், போர்ட்டல் சிரையின் (குடலிலிருந்து ஈரலுக்கு வருவது) அழுத்தத்தையும் இறக்கும்.

சீந்தில் விஷயம் சின்னதல்ல. சீந்தில் சாப்பிட்டு ஆட்டோஇம்யூன் போலவே ஈரல் அழற்சி வந்ததாக நம் நாட்டிலிருந்தே பல அறிக்கைகள் வந்திருக்கின்றன. அப்போது ஏஎன்ஏ பாசிட்டிவ் ஆகும், ஐஜிஜி ஆன்டிபாடி ஏறும், குளோபுலின் ஏறும். ஆக நான் மேலே வைரஸின் கணக்கில் எழுதிய குளோபுலினில் சீந்திலுக்கும் பங்கு இருக்கலாம். அதை உடனே நிறுத்தி நான்கு முதல் ஆறு வாரத்தில் எஸ்ஜிபிடி, குளோபுலின் திரும்பப் பாருங்கள். கீழாநெல்லி பற்றியும் கேட்பார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 1988-இல் சென்னையிலிருந்து லான்செட்டில் வந்த ஆய்வு பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது, பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. வைரஸ் மருந்துக்குப் பதிலாக அதை வைக்க முடியாது.

இனி அந்த பேக்கேஜ். வைரஸை எதிர்க்கும் சிடி8 செல்கள் நீண்ட நாள் ஆன்டிஜன் வெள்ளத்தில் களைத்துப்போகின்றன, அவற்றின் மேல் பிடி-1 என்ற தடுப்பான் கூடுகிறது. அதுதான் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-யின் அடிப்படைக் கதை, உண்மைதான். ஆனால் லேபில் எண்ணும் மொத்த சிடி8 இந்தக் களைப்பைக் காட்டாது. பொதுவான சிடி4 எண்ணிக்கையும் அப்படியே. மண்ணீரல் பெருத்தவர்களுக்கு எச்ஐவி இல்லாமலே சிடி4 குறையும். அதைப் பார்த்து எதிர்ப்புச் சக்தி போய்விட்டது என்று அலற வேண்டாம். இன்டர்லூகின்-6 இதயச் செயலிழப்பிலும் ஏறும், சளி பிடித்தாலும் ஏறும், ஈரல் நோயிலும் ஏறும். மூன்று பேருக்கும் சொந்தமான எண்ணை வைத்து யாரைப் பிடிப்பது?

அந்தப் பணத்துக்கு நான் கேட்பது எச்பிஎஸ்ஏஜி அளவு. டிஎன்ஏ 2,000-க்குக் கீழும் எச்பிஎஸ்ஏஜி 1,000 ஐயூ-வுக்குக் கீழும் சேர்ந்து இருந்தால் அமைதிக் கட்டம் என்று நம்ப இடம் உண்டு. இவருக்கு டிஎன்ஏ ஏற்கனவே கோட்டைத் தாண்டிவிட்டது. என்றாலும் மருந்தின் நீண்டகாலப் போக்கைப் பார்க்க ஒரு தொடக்க எண் கையில் இருக்கட்டும். டெல்டா வைரஸ் (ஹெபடைடிஸ் டி) ஆன்டிபாடி, எச்சிவி (ஹெபடைடிஸ் சி), எச்ஐவி மூன்றும் கட்டாயம். எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் ஆனவருக்கு ஆன்டி எச்பிஎஸ் (பாதுகாப்பு ஆன்டிபாடி) எடுப்பது பெரும்பாலும் வீண். அது வீட்டில் இருப்பவர்களுக்கு எடுக்க வேண்டியது.

சி3, சி4 எப்போது? சிறுநீரில் புரதம் அல்லது ரத்தம், காலில் ஊதா நிறத் தடிப்பு, கை கால் மரத்துப் போதல், காரணமில்லாத எடை இழப்பு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் இருந்தால். ஹெபடைடிஸ் பி ஆன்டிஜனும் ஆன்டிபாடியும் சேர்ந்த கொத்துகள் குழாய்ச் சுவரில் படிந்து பாலி ஆர்ட்டிரைட்டிஸ் நோடோசா வரலாம். கிட்னியில் மெம்ப்ரனஸ் நோய் வரலாம். அந்தக் குழாய் நோய் இதயக் குழாயையும் விட்டுவைக்காது. 56 வயது, வழக்கமான ரிஸ்க் காரணங்கள் உள்ளவருக்கு வந்த மாரடைப்பு சாதாரணக் கொழுப்புப் படிவுதான், இதை வைத்து ஆரம்பத்திலேயே வேட்டைக்குப் போக வேண்டாம். 35 வயதில், சர்க்கரையும் புகையும் இல்லாமல், மரத்துப் போன காலோடு வந்தால் போங்கள். ஆர்ஏ ஃபேக்டர் நாட்பட்ட தொற்றில் கொஞ்சம் பாசிட்டிவ் வருவது சகஜம். மூட்டு வலி இல்லாமல் அதைக் கேட்டால் குழப்பம்தான் மிச்சம்.

எக்கோ டெக்னீஷியன், ஓசூர்

இதயப் பக்கத்துல இருந்து மூணு வார்த்தை.

எக்கோ எடுக்கறப்ப கீழ் பெருஞ்சிரையைப் பார்த்துக் குறிப்பிடச் சொல்லுங்க. 2.1 செ.மீ.க்கு மேல விரிஞ்சு, மூக்கால உறிஞ்சறப்ப பாதிகூடச் சுருங்கலைன்னா வலது பக்க அழுத்தம் கூடுதல்னு அர்த்தம். அப்போ அந்த 11.8 கிலோபாஸ்கல்ல ஒரு பங்கு தேக்கம்தான். வயித்து ஸ்கேன்ல ஈரல் சிரைகள் விரிஞ்சிருந்தா அதுவும் சாட்சி. மண்ணீரல் பெருசா, போர்ட்டல் சிரை 13 மி.மீ.க்கு மேலயா இருந்தா சாட்சி சிரோசிஸ் பக்கம். ரெண்டையும் ஒரே நாள்ல பார்த்தாத்தான் ஒப்பிட முடியும்.

என்டி ப்ரோ பிஎன்பி 1450-ன்னா இஎஃப் 38-க்குப் பொருந்தற எண்தான். ஆனா சிரோசிஸ்லயும் ஏறும், கிட்னி குறைஞ்சாலும் ஏறும், உடம்பு பருமனா இருந்தா குறைவாக் காட்டும். பின்னாடி சக்யூபிட்ரில் மாத்திரை தொடங்கினா வெறும் பிஎன்பி பார்க்காதீங்க, மாத்திரையே அதை ஏத்தும். என்டி ப்ரோ வகையை மட்டும் தொடர்ந்து பாருங்க, அதே லேப்ல.

எச்எஸ் சிஆர்பி 4.8-ஐ இப்ப வெச்சு "அடுத்த மாரடைப்பு ரிஸ்க்"னு யாரும் கணக்குப் போடக் கூடாது. மாரடைப்புக்கு அப்புறம் அடங்கவே வாரக்கணக்கு ஆகும். அடங்கினப்புறம் ரெண்டு வார இடைவெளியில ரெண்டு தடவை எடுத்து சராசரி பாருங்க. 3-க்கு மேல அதிகம், 10-க்கு மேலன்னா கிருமியோ வேற அழற்சியோ தேடணும். இதுல ஒரு பொறி இருக்கு. சிஆர்பி செய்யறதும் ஈரல்தான். முத்தின சிரோசிஸ்காரருக்கு நல்ல கிருமித் தொற்று இருந்தும் சிஆர்பி அடக்கமா வரும். குறைவா வந்துச்சுன்னு காய்ச்சலைக் கோட்டை விடக் கூடாது.

ஐஎன்ஆர் 1.2 விஷயத்துல லேப் நண்பருக்கு ஒண்ணு: நீல மூடி குழாய் கோடு வரைக்கும் நிரம்பியிருந்ததா? ரத்தம் ஒன்பது பங்கு, சிட்ரேட் ஒரு பங்கு. குறைவா நிரப்பினா ஐஎன்ஆர் பொய்யா ஏறும். அப்புறம் பின்னாடி வார்ஃபரின் தொடங்கினா இந்தத் தொடக்க எண்தான் அளவுகோல். ஈரல் ஏற்கனவே 1.2 கொடுத்திருந்தா ஐஎன்ஆரை 2.5-க்குக் கொண்டுவர எவ்வளவு மாத்திரைங்கிறது மாறும்.

தலைமுடி உதிருதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடறாங்களான்னும் கேளுங்க. பயோட்டின் பிணைப்பை நம்பற கருவிகள்ல ட்ரோபோனின் (மாரடைப்பைக் காட்டற டெஸ்ட்) பொய்யாக் குறைவாக் காட்டும். எச்பிஎஸ்ஏஜி-யும் அதே வகை டெஸ்ட்தான். நெஞ்சுவலியோட வர்ற ஆளுக்கு இது விளையாட்டில்லை.

காரிமங்கலம் லேப்

நன்றிங்க. நாளைக்கு மறுபடி ரத்தம் எடுக்கறோம். டிஎன்ஏ சாம்பிளை பெங்களூருக்கு அனுப்பறதா இருக்கோம், நடுவுல மதியம் முழுக்க வண்டியில கிடக்கும். எப்படி எடுக்கறது, எந்த வரிசையில?

ஈரல் மருத்துவர், கிருஷ்ணகிரி

டிஎன்ஏவுக்கு பர்ப்பிள் ஈடிடிஏ குழாய். ஹெப்பாரின் குழாயில் எடுத்தால் பிசிஆர் அடைபட்டுப்போகும், பொய்யாகக் குறைவு வரும். உங்கள் லேபிலேயே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, தனிக் குழாயில் உறைய வைத்து, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். பிரிக்காத ரத்தத்தை ஓசூர் வெயிலில் வண்டியில் அனுப்பாதீர்கள். பெங்களூர் லேப் கிட்டில் எத்தனை மணி நேரம் சொல்லியிருக்கிறது என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசை: முதலில் நீல சிட்ரேட், கோடு வரைக்கும். அடுத்து மஞ்சள் மூடி ஜெல் குழாய். எல்எஃப்டி (ஈரல் டெஸ்டுகள்), சிபிகே, கிரியாட்டினின், பாஸ்பேட், என்டி ப்ரோ, எச்பிஎஸ்ஏஜி அளவு எல்லாம் அதில். பிறகு பர்ப்பிள். பர்ப்பிளில் இருந்து சொட்டு ஈடிடிஏ மஞ்சளுக்குள் போனால் பொட்டாசியம் ஏறும், கால்சியமும் ஆல்கலைன் பாஸ்படேஸும் இறங்கும். ராமிப்ரில் சாப்பிடுபவரின் பொய்ப் பொட்டாசியத்தைப் பார்த்து மாத்திரையை நிறுத்துவார்கள். மஞ்சள் குழாயை வெளிச்சத்தில் வைக்காதீர்கள், பிலிருபின் சிதைந்து குறையும். டூர்னிகே (கையில் கட்டும் பட்டை) ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், முஷ்டியை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லாதீர்கள்.

பிளேட்லெட் இந்த ஆளுக்கு எப்போதும் சிட்ரேட்டில்தான். ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் "ஈடிடிஏ-வில் ஒட்டுகிறது" என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். அடுத்து எந்த ஊர் லேபுக்குப் போனாலும் பயன்படும். சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் காலையிலேயே வாங்கிவிடுங்கள். ஆல்புமின் 3.6 என்பது ஈரல் செய்யாததாலா, சிறுநீரில் போவதாலா என்று அது சொல்லும். மனைவி, பிள்ளைகளுக்கு எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி எச்பிசி மொத்தம் (எப்போதாவது தொற்றியதா என்று காட்டுவது), ஆன்டி எச்பிஎஸ் மூன்றும். மூன்றும் நெகட்டிவ் என்றால் தடுப்பூசி 0, 1, 6 மாதம், கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் ஆன்டி எச்பிஎஸ் 10-ஐத் தாண்டியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊத்தங்கரை மருந்தாளர்

ஒன்று விட்டுப்போச்சு. மூட்டு வலிக்கோ மூச்சுக்கோ யாராவது ப்ரெட்னிசோலோன் எழுதினால், 20 மி.கி.யும் அதற்கு மேலும் நாலு வாரத்தைத் தாண்டினால் வைரஸ் எழும்பும். வைரஸ் மருந்து ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேட்காமல் அந்த மாத்திரையைக் கொடுக்காதீங்க. வலிக்கு பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 2 கிராம் வரைக்கும். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் கடையில் கேட்டு வாங்கினால் டெனோஃபோவிர், ராமிப்ரில், ஃப்ரூசமைடு மூன்றோடும் சேர்ந்து கிட்னியைப் பதம் பார்க்கும், ஆஸ்பிரின் குளோபிடோக்ரலோடு சேர்ந்து வயிற்றில் ரத்தம் கசியும்.